சைக்கிள் தொலைந்தால் எஃப்.ஐ.ஆர். ஏன் கிடைப்பதில்லை?

மதுரையில் பைக் காணாமல் போனால் உரிமையாளர் அடுத்த அரை மணி நேரத்தில் ஸ்டேஷனில் நிற்பார். சைக்கிள் காணாமல் போனால் பக்கத்து டீக்கடையில் விசாரிப்பார். சந்து பொந்தெல்லாம் ஒரு சுற்று தேடுவார். "எவனாவது அவசரத்துக்கு எடுத்துட்டுப் போயிருப்பான், கொண்டாந்து வைப்பான்" என்று இரண்டு நாள் பொறுப்பார். அப்புறம் பழைய சைக்கிள் ஒன்றை விலை பேசப் போய்விடுவார். புகார் கொடுக்கப் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். போனவர்களிலும் எஃப்.ஐ.ஆர். நகலோடு திரும்புகிறவர்கள் அதைவிடக் கொஞ்சம்.

இதற்கு எல்லோரும் சொல்கிற காரணம் போலீசாரின் அலட்சியம். அது பாதி உண்மை. மீதிப் பாதி சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 2024 ஜூலை 1-ஆம் தேதிக்குப் பிறகு அந்தப் பாதி இன்னும் பெரிதாகிவிட்டது. தொலைத்தவர்களில் பலருக்கு இது தெரியாது.

அதுவரை இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 379-ஆவது பிரிவு திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்றது. திருடுபோன பொருள் என்ன விலை என்று அது கேட்கவில்லை. அம்பாசிடர் காராக இருந்தாலும் அலுமினியக் குடமாக இருந்தாலும் போலீசார் தாங்களாகவே வழக்குப் பதியலாம், ஆளைப் பிடிக்கலாம். பதியாமல் தட்டிக்கழித்தால் அது ஸ்டேஷனின் தவறு. 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது: போலீசார் தாமாகவே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம்.

இப்போது அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவு இருக்கிறது. தண்டனை அதே மூன்று ஆண்டு வரைதான். ஆனால் கூடவே புதிதாக ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, பிடிபட்டவர் முதல்முறையாகத் தண்டிக்கப்படுகிறவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் அவருக்குச் சமூக சேவைதான் தண்டனை. கேட்க நல்ல ஏற்பாடாகத்தான் இருக்கிறது. பசிக்குத் திருடியவனைச் சிறையில் தள்ளி, அங்கே பெரிய திருடர்களிடம் பாடம் படிக்க வைப்பதைவிட இது மேல்.

சிக்கல் இதன் வால்பகுதியில் இருக்கிறது. நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் அட்டவணை, 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டை ஜாமீனில் விடக்கூடிய, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீசார் புலனாய்வு செய்ய முடியாத குற்றமாக வைத்துவிட்டது. அந்தச் சட்டத்தின் 174-ஆவது பிரிவுப்படி ஸ்டேஷன் செய்ய வேண்டியது இரண்டு வேலை: புகாரின் சாரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், புகார்தாரரை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்ப வேண்டும். இப்படி எழுதிய பதிவுகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றும் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். மற்றபடி, மூவாயிரம் ரூபாய் சைக்கிளுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் போய் யார் நிற்பார்கள்?

இந்தக் கோடு யாருடைய சைக்கிளுக்கு நடுவில் போகிறது என்று பாருங்கள். விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வருகிற வியாபாரியின் சைக்கிள், டீ கேனைக் கட்டிக்கொண்டு மாசி வீதிகளைச் சுற்றுகிறவரின் சைக்கிள், செல்லூர் தறிக்கு வேலைக்குப் போகிறவரின் சைக்கிள், வாடிப்பட்டிப் பக்கத்துப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிற பெண்ணின் சைக்கிள், இவை எல்லாம் கோட்டுக்குக் கீழே. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட் போட்டு அழகர்கோவில் ரோட்டில் போகிற கியர் சைக்கிள்கள் கோட்டுக்கு மேலே. பிழைப்புக்கு ஓட்டுகிறவருக்கு ரசீது, பயிற்சிக்கு ஓட்டுகிறவருக்கு வழக்கு. சட்டம் எழுதியவர்கள் இதை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். பலன் என்னவோ இப்படித்தான் வருகிறது.

அந்த ரசீதைத்தான் தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். என்கிறோம். மனு வந்தது என்பதற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். அதில் ஒரு எண் இருக்கும்; அதை வைத்து காவல்துறை இணையதளத்தில் நிலவரம் பார்க்கலாம். பலர் இதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து பீரோவில் பத்திரப்படுத்தி வைக்கிறார்கள்.

சரி, மதிப்பு 5,000-க்கு மேலா கீழா என்று யார் முடிவு செய்வது? வாங்கிய விலையா, இன்றைய விலையா? பிரிவில் அதற்கு விளக்கம் இல்லை. அதனால் அது ஸ்டேஷனில் புகார் எழுதுகிற ரைட்டரின் மேஜையில் முடிவாகிறது. பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"எவ்வளவுக்கு வாங்குனீங்கண்ணே?"

"ஏழாயிரத்து ஐந்நூறுங்கய்யா. மூணு வருசம் இருக்கும்."

"பில் வச்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் எங்கய்யா எடுத்து வச்சோம்."

"இப்ப வித்தா ஒரு மூவாயிரம் போகுமா?"

"தாராளமாப் போகும்யா, நல்லா எண்ணெய் போட்டு வச்சிருந்தேன்."

தன் சைக்கிளைப் பற்றிப் பெருமையாகச் சொன்ன அந்த ஒரு வரியிலேயே அண்ணன் தன் புகாரைக் கோட்டுக்குக் கீழே தள்ளிவிட்டார். பில் கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். பில்லில் போட்டிருக்கும் விலைதான் கடைசி வார்த்தை என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் எழுத்தில் ஒரு தொகை இருக்கும்போது அதை மறுத்து வேறொரு தொகை எழுத ரைட்டருக்கும் ஒரு காரணம் வேண்டும்.

விலையைவிட முக்கியமான இன்னொரு கேள்வி உண்டு. சைக்கிள் எங்கேயிருந்து போனது? தெருவில் நிறுத்தியிருந்தது போனால் 303. குடியிருக்கும் கட்டடத்துக்குள்ளிருந்தோ, பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்துக்குள்ளிருந்தோ போனால் அது 305-ஆவது பிரிவு. அங்கே ஏழு ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய்க் கணக்கு கிடையாது, போலீசார் நேரடியாகவே வழக்குப் பதியலாம். வீட்டு நடையில், மாடிப்படிக்கு அடியில், அப்பார்ட்மெண்ட் கட்டடத்தின் தரைத்தளத்தில் நின்ற சைக்கிள் ஆயிரம் ரூபாய் பெறாவிட்டாலும் இந்தப் பிரிவைக் கேட்கலாம். "வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தேன்" என்று பொதுவாக எழுதிக் கொடுக்கிற பழக்கம் இங்கேதான் கெடுதல் செய்கிறது. கேட்டுக்கு உள்ளேயா வெளியேயா, கூரைக்கு அடியிலா திறந்த வெளியிலா என்று மனுவில் தெளிவாக எழுத வேண்டும்.

அதே 305-இல், சரக்கோ பயணிகளோ ஏற்றிச் செல்லும் வாகனத்தைத் திருடுவதும் சேர்ந்திருக்கிறது. கேரியரில் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கும் சைக்கிள் இதில் வராதா என்று ஒரு வக்கீல் வாதாடிப் பார்க்கலாம். எனக்கு வரும் என்றுதான் தோன்றுகிறது.

பேருந்து நிலையம், ரயில் நிலையம் பக்கத்து ஸ்டாண்டுகள் தனிக் கதை. காசு வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்த பிறகு அந்த வண்டியைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் கடமை ஸ்டாண்டுக்காரருக்கு வந்துவிடுகிறது. 'வாகனங்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற போர்டு மந்திரக் கயிறு இல்லை. 2019-இல் ஒரு நட்சத்திர ஹோட்டலில் நிறுத்திய கார் திருடுபோன வழக்கில், சீட்டில் 'உரிமையாளர் பொறுப்பில்' என்று அச்சடித்துவிட்டுக் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சைக்கிளுக்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறவர்கள் அரிது. ஆனால் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு இந்தத் தீர்ப்பைச் சொன்னால் ஸ்டாண்டுக்காரர் பேசும் தோரணை மாறும்.

இனி ஸ்டேஷனின் உள்பக்கம். மதுரை மாநகருக்கு 1990-இலிருந்து கமிஷனர் அலுவலகம் இருக்கிறது. திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி எல்லாம் மாவட்ட எஸ்.பி.யின் கீழ் வருகின்றன. மாநகர ஸ்டேஷன்களில் சட்டம் ஒழுங்கு தனி, குற்றப்பிரிவு தனி. குற்றப்பிரிவின் மேஜையில் செயின் பறிப்பு, வீடு புகுந்து திருட்டு, பைக் திருட்டு, செல்போன் பறிப்பு எல்லாம் வரிசையாகக் காத்திருக்கும். மேலதிகாரி கூட்டம் போட்டால் எத்தனை பவுன் மீட்டீர்கள், எத்தனை பைக் பிடித்தீர்கள் என்றுதான் கேட்பார். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையிலும் மோட்டார் வாகனத் திருட்டுக்குத் தனிக் கணக்கு உண்டு. சைக்கிளைத் தேடிக் கண்டுபிடித்த ஏட்டுக்கு யாரும் கைதட்டப் போவதில்லை.

பைக்குக்கு எஃப்.ஐ.ஆர். கிடைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் வெளியே சொல்வதில்லை. பைக் போனால் இன்சூரன்ஸ் பணம் வாங்க எஃப்.ஐ.ஆர். வேண்டும், பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும் வேண்டும். அதனால் உரிமையாளர் விடமாட்டார், நடையாய் நடப்பார். போலீசாருக்கும் அது பழகிய வேலை. திருடனைப் பிடிக்க வேண்டும் என்பதைவிடக் காகிதம் வேண்டும் என்பதற்காகவே பதியப்படுகிற வழக்குகள் அவற்றில் நிறைய. சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லை, ஆர்.சி. புத்தகம் இல்லை, நம்பர் பிளேட் இல்லை. காகிதம் கேட்பவரும் இல்லை, கொடுப்பவரும் இல்லை.

விஷயத்தின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன். சைக்கிள் திருட்டில் திருடனைக் கண்டுபிடிப்பதுகூடப் பெரிய பாடு இல்லை. ராத்திரி ரோந்தில் ஒரு ஆள் இரண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் எந்த போலீஸ்காரரும் நிறுத்துவார். திருட்டுச் சொத்து என்று சந்தேகப்பட்டால் கைப்பற்றும் அதிகாரம், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில், விலை வரம்பு எதுவும் இல்லாமல் அவருக்கு இருக்கிறது. கைப்பற்றிய பிறகுதான் திண்டாட்டம். இது யாருடைய சைக்கிள்? கறுப்பு பிரேம், பின்னால் கேரியர், கிழிந்த சீட்டு. மதுரையில் இந்த அடையாளத்தில் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன.

அடையாளம் இல்லாமலும் இல்லை. ஒரு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். பெடல் அச்சு போகிற குறுக்கு உருளையின் அடிப்பக்கத்தில் மண்ணும் கிரீஸும் சேர்ந்து கட்டியாகப் பிடித்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தால் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை தெரியும். சில மாடல்களில் சீட்டுக் குழாயின் பக்கவாட்டில் அடித்திருப்பார்கள். அதுதான் பிரேம் நம்பர். பெயிண்டில் எழுதியதில்லை, உளியால் அடித்தது. மேலே எத்தனை கோட் பெயிண்ட் பூசினாலும் விரலில் தட்டும். அரம் போட்டு ராவினால்தான் போகும், ராவினால் அந்த இடம் மொழுமொழுவென்று தானாகவே காட்டிக்கொடுக்கும். கடைக்காரர் பில்லில் இதை எழுதித் தர வேண்டும். பலர் எழுதுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

அந்தக் காலத்து வாடகை சைக்கிள் கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மணிக்கு இவ்வளவு என்று முகம் தெரியாத ஆளுக்கும் வண்டியைக் கொடுத்தார்கள். செயின் கவரில் கடைப் பெயர், மட்கார்டில் வரிசை எண், வாங்கிப்போகிறவர் பெயரோடு நோட்டில் ஒரு பதிவு. ஊரில் எங்கே நின்றாலும் 'இது இன்னார் கடை வண்டி' என்று சொல்லிவிடலாம். அதற்கும் முன்னால் நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் சைக்கிளுக்கு வரி வாங்கி, தகர வில்லை கொடுத்த காலம் ஒன்று உண்டு. டைனமோ விளக்கு எரியவில்லை, டபுள்ஸ் அடித்தான் என்று போலீஸ் பிடித்ததை இன்றைக்கும் தாத்தாக்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வரி போனது நல்லதுதான். அதோடு சைக்கிளுக்கு இருந்த ஒரே அரசுப் பதிவும் போனது. ஜப்பானில் இன்றைக்கும் சைக்கிள் வாங்கும்போதே பதிவு எண் வாங்குவது சட்டப்படி கட்டாயம். அங்கே நள்ளிரவில் சைக்கிளை நிறுத்தும் போலீஸ்காரர் முதலில் பார்ப்பது அந்தப் பதிவு எண் ஸ்டிக்கரைத்தான்.

செல்போனைப் பாருங்கள். தொலைந்த போனையும் ஒரு காலத்தில் யாரும் தேடவில்லை. 2023 மே மாதம் தொலைந்த போன்களுக்கான மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். இணையதளம் நாடு முழுக்க வந்த பிறகு, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐ.எம்.இ.ஐ. எண்ணை உரிமையாளரே பதிவு செய்யலாம், போன் மறுபடி உயிர் பெற்றால் தகவல் வரும் என்று ஆகிவிட்டது. மீட்ட போன்களை மேஜையில் அடுக்கி, உரியவர்களைக் கூப்பிட்டுக் கொடுக்கும் படங்களை இப்போது பேப்பரில் அடிக்கடி பார்க்கிறோம். அதே போலீஸ், அதே ஆள்பற்றாக்குறை. மாறியது எண்ணைப் பதிந்து தேட ஒரு வழி வந்தது மட்டும்தான்.

திருடிய சைக்கிள் எங்கே போகிறது என்பதிலும் இதே அடையாளப் பிரச்சினைதான். அப்படியே விற்றால் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. பிரித்தால் ரிம், டயர், சீட்டு, ஹேண்டில்பார் என்று தனித்தனியாகப் போகும். ஒன்றுமே முடியாவிட்டால் காயலான் கடையில் எடைக்குப் போட்டு சில நூறு ரூபாய். இங்கே புதுச் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாலாயிரம் ரூபாய் சைக்கிளைத் திருடியவனைப் போலீசார் நேரடியாகத் தொட முடியாது. அது திருட்டுச் சாமான் என்று தெரிந்தே வாங்கியவரைத் தொடலாம். நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவில் விலை வரம்பே இல்லை; மூன்று ஆண்டு வரை சிறை, ஜாமீனில் விடவேண்டிய கட்டாயமும் இல்லை. சைக்கிள் திருட்டைக் குறைக்க ஒரு ஸ்டேஷன் உண்மையிலேயே நினைத்தால், தெருவில் பையன்களைத் துரத்துவதைவிடத் தன் எல்லைக்குள் பழைய சைக்கிளும் பழைய இரும்பும் வாங்குகிற கடைகளில் ஒரு நோட்டுப் போட வைப்பது பலன் தரும். விற்க வந்தவர் பெயர், போன் நம்பர், பிரேம் நம்பர் என்று மூன்று கட்டம் போதும்.

பையன்கள் என்று சொன்னது சும்மா இல்லை. பிடிபடுகிறவர் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் வேறொரு சட்டம் வந்துவிடும். சிறார் நீதிச் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள், கொடுங்குற்றமாக இல்லாமலும் பெரியவர்களோடு சேர்ந்து செய்யாமலும் இருந்தால் சிறுவன் மேல் எஃப்.ஐ.ஆரே போடக்கூடாது என்கின்றன. ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் எழுதி, அவனுடைய குடும்பச் சூழல் அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். நடைமுறையில் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, நாலு வார்த்தை திட்டி, சைக்கிளை உரியவரிடம் கொடுத்து அனுப்புவதும் நடக்கிறது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு ஒரு சைக்கிளுக்காக வாழ்நாள் கறை வேண்டாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் அதே பையன் நாலாவது தடவை வரும்போது முதல் மூன்றும் யாருக்கும் தெரியாது. நாட்குறிப்பில் எழுதச் சொல்வது இதற்குத்தான்.

கிடைத்த சைக்கிளும் உடனே கைக்கு வருவதில்லை. வழக்கு என்று பதிந்துவிட்டால் அது நீதிமன்றத்தின் சொத்து. வண்டிகளை ஸ்டேஷன் வளாகத்தில் மக்கவிடக் கூடாது, படம் எடுத்துவிட்டு உரியவரிடம் கொடுங்கள் என்று 2002-இல் சுந்தர்பாய் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புது நடைமுறைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவு அதற்குக் காலக்கெடுவே வைத்திருக்கிறது: பொருள் நீதிமன்றத்துக்கு வந்த 14 நாளில் விவரப் பட்டியல், படம் அல்லது வீடியோ, அதன்பின் 30 நாளில் என்ன செய்வதென்று உத்தரவு. உரிமை கோரி யாரும் வராத சொத்துக்கு ஆறு மாத அறிவிப்பு. அதன் மதிப்பு பத்தாயிரத்துக்குக் குறைவு என்றால் மாஜிஸ்திரேட் அதற்கு முன்பே விற்கச் சொல்லலாம். எந்த ஸ்டேஷன் வாசலிலும் வேப்பமரத்தடியில் டயர் மக்கி நிற்கிற சைக்கிள்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் சிலவற்றின் சொந்தக்காரர்கள் புகாரே கொடுத்திருக்க மாட்டார்கள். புகார் கொடுத்தவர்களோ பிரேம் நம்பர் எழுதியிருக்க மாட்டார்கள்.

கோட்டுக்கு மேலே இருக்கும் சைக்கிளுக்கு, அல்லது வீட்டுக்குள்ளிருந்து போன சைக்கிளுக்கு, ஸ்டேஷனில் மறுத்தால் வழி இருக்கிறது. பெரியார் பேருந்து நிலையம் பக்கம் தொலைந்ததை சமயநல்லூரில் கொடுத்தாலும் வாங்கியாக வேண்டும். எங்கள் எல்லை இல்லை என்று சொல்ல நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு இடம் கொடுக்கவில்லை. இணையம் வழியாகக் கொடுத்தால் மூன்று நாளில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பதிய மறுத்தால் அதே பிரிவின்படி எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம், மாநகருக்குள் என்றால் கமிஷனர் அலுவலகத்துக்கு. அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட். 303-ஆவது பிரிவில் வரும் திருட்டு என்றால் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை செய்யவும் புதுச் சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே 'விசாரிக்கிறோம்' என்று சொன்னால், எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

பூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின் சக்கரத்தின் போக்ஸ் கம்பிக்குள் நுழைகிற வளையப் பூட்டு சக்கரத்தைச் சுற்றவிடாது, அவ்வளவுதான். பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு முன் சக்கரத்தில் உருட்டிப் போகலாம். ஒரு பூட்டின் சாவி இன்னொன்றைத் திறப்பதும் உண்டு. பிரேமையும் ஒரு கம்பத்தையும் சேர்த்துப் போடும் சங்கிலிப் பூட்டு வேண்டும். கோரிப்பாளையத்திலோ சிம்மக்கல்லிலோ சைக்கிளைக் கட்ட ஒரு கம்பம் கிடைப்பதுதான் கஷ்டம்.

அரசு நினைத்தால் நாளைக்கே தொடங்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த இலவச சைக்கிள் திட்டம், பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது. ஒரே நிறம், ஒரே முத்திரை; பள்ளி மைதானத்தில் வரிசையாக நிற்கும்போது தன் வண்டி எது என்று தெரிய ரிப்பனோ ஸ்டிக்கரோ கட்டி வைக்கிறார்கள். அரசு வாங்கும் விலையே ஐயாயிரத்தை ஒட்டித்தான், ஒரு வருடம் ஓடினால் நிச்சயம் கோட்டுக்குக் கீழே. இந்த சைக்கிள்கள் பள்ளிக்கு வரும்போது கையெழுத்து வாங்கித்தான் கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியலில் பிரேம் நம்பருக்கு ஒரு கட்டம் சேர்த்து, அதை மாவட்டக் காவல்துறையின் கணினியில் ஏற்றினால், ரோந்துப் போலீஸ்காரர் கவிழ்த்துப் பார்த்து நம்பரை அடித்த உடனே எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்று தெரிந்துவிடும். யார் உட்கார்ந்து டைப் பண்ணுவது என்று கேட்பார்கள். செல்போனுக்கு உரிமையாளரே டைப் பண்ணுகிறார். பிளஸ் ஒன் பிள்ளைகளால் அது முடியாதா என்ன?